எம் அன்னையின் தையற்கருவிகள்

உலகில் ஒவ்வொரு தொழிற்கும் அதற்குரிய கருவிகள் உண்டு. உழவனுக்குக் கலப்பையும், தச்சனுக்கு உளியும், கொல்லனுக்குச் சம்மட்டியும் எத்துணை இன்றியமையாதனவோ, தையல் வேலை செய்வார்க்கு ஊசியும் கத்தரிக்கோலும் அத்துணை இன்றியமையாதன. ஆயினும், கருவி இல்லாதபொழுது தொழிலையே நிறுத்திவிடுவார் ஒரு சாரார். கைக்கு எட்டிய பொருளையே கருவியாக்கிக்கொண்டு தொழிலை நடத்துவார் மற்றொரு சாரார். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்னும் பழமொழி இப்பிற்சாராரைக் கண்டு எழுந்ததே போலும். அவருள் ஒருவராகிய எம் அன்னையாரைப் பற்றியும், அவர் வீட்டுப் பொருட்களைத் துணைக்கொண்டு தைத்த ஒட்டுப் போர்வை ஒன்றைப் பற்றியும், அதனால் யாம் எய்திய நாணத்தைப் பற்றியும் இங்குச் சில கூற விழைகின்றோம். நேயர்கள் பொறுமையுடன் கேட்பார்களாக.

எம் ஊர் திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியில், பனைகள் சூழ்ந்த செம்மணல் தேரியை அடுத்த ஒரு சிற்றூர். அதற்குச் சில கல் தொலைவிலேயே இடையன்குடி உள்ளது. 1856-ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயர் வாழ்ந்த ஊர் அதுவே. அப்பெரியாரின் நூலைத் தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய யாம் கற்கின்றோம். அவர்தம் துணைவியார் எலைசா அம்மையாரோ அவ்வூர்ப் பெண்களுக்கு லேஸ் என்னும் நூற்பின்னல் வேலையைக் கற்பித்தவர். அம்மையாரின் அன்னையாராகிய மால்ட் அம்மையார் அதற்கு முன்னரே நாகர்கோவிலில் அவ்வேலையைப் பரப்பியவர். இவ்வாறு எம் பக்கத்துப் பெண்கள் பள்ளிகளில் ஏட்டுக் கல்வியோடு ஊசி வேலையும் இடம் பெற்றது. எம் ஆச்சி விடுதிப் பள்ளியிற் பயின்ற காலத்தில் துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கும் முறையைக் கற்றார். ஆச்சியிடம் எம் அன்னையார் கற்றார். கால்டுவெல்லின் இலக்கணம் எமக்குக் கல்லூரியில் வந்து சேர்ந்தது. ஊசி வேலையோ அதற்கு நெடுங்காலம் முன்னரே எம் இல்லத்துள் குடிபுகுந்துவிட்டது.

எம் தந்தையார் கடையொன்றிற் கணக்கெழுதுபவர். அவர் ஊதியம் உணவிற்குப் போதும். பிறவற்றிற்கெல்லாம் அன்னையாரின் தையலே துணை. வீட்டுச் சாளரத்தை ஒட்டிக் காலால் மிதித்து இயக்கும் தையற்பொறி ஒன்று இருந்தது. அதன் ஓசையைக் கேட்டே யாமும் எம் தங்கையும் உறங்கி வளர்ந்தோம் எனலாம். சென்ற மே மாத விடுமுறையில் யாம் வீடு சென்றபோது சாளரத்தின் அருகே அப்பொறி இல்லை. எங்கே என வினவினோம். "பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறது, ஐயா" என்று கூறி, அன்னையார் அடுக்களைக்குட் சென்றார். எம் பக்கத்தில் தாய்மார் மகனை ஐயா என்றே விளிப்பர். அவ்விடையை யாம் ஐயுறவில்லை.

அப்பொழுது அன்னையார் ஒரு போர்வை தைத்துக்கொண்டிருந்தார். தெருவில் ஓர் அம்மையாரின் மகளுக்குப் பேறுகாலம் அணுகியிருந்தது. பிறக்கும் மகவிற்கென அவர் அதனைக் கூலிக்குத் தைக்கச் சொல்லியிருந்தார். பல ஆண்டுகளாகச் சட்டையும் பாவாடையும் வெட்டியபோது எஞ்சிய துண்டுத் துணிகள் ஒரு கோணிப்பை நிறைய எம் வீட்டில் இருந்தன. அவற்றை அறுகோண வடிவில் இணைத்தது மேற்புறம்; பன்முறை துவைத்து மென்மையுற்ற பழஞ்சேலை மடிப்புக்கள் இடையில்; முழுச்சேலை ஒன்று அடிப்புறம். இம்மூன்றையும் சேர்த்து, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டும் எளிய ஓட்டத் தையலால் பிணைப்பதே போர்வை. பொறி இன்றியே கையால் முடிக்கத் தக்க வேலை இது. ஆயின் அன்னையாரின் கையில் ஊசியும் நூலும் தவிரத் தையற்கடையில் வாங்கிய பொருள் ஒன்றேனும் காணப்படவில்லை. வீட்டுப் பொருட்களே கருவிகளாக அவரைச் சூழ்ந்திருந்தன. அக்காட்சி எமக்குப் பெருவியப்பை அளித்தது. கல்லூரி மலருக்கு நல்லதொரு கட்டுரை கிடைத்தது என மகிழ்ந்து, குறிப்பேடும் எழுதுகோலுமாக அவர் அருகில் அமர்ந்துவிட்டோம்.

முதற்கண் யாம் குறித்தது சோப்புத் துண்டு. குளித்துத் தேய்ந்து தகடாகிப்போன சோப்பை நிழலில் நன்கு உலர்த்தி வைத்துக்கொள்வார். அதன் விளிம்பு கத்திபோற் கூர்மையாயிருக்கும். கருநிறத் துணியிலும் செந்நிறத் துணியிலும் அதனாற் கீறினால் மெல்லிய வெண்கோடு விழும். ஒருமுறை அலசினால் மறைந்துபோம். வெண்டுணியில் மட்டும் அக்கோடு தெரியாது. அதற்குப் பென்சிலால் மெல்லக் குறியிடுவார். பட்டின்மேல் சோப்பை வைக்கமாட்டார். அதிலுள்ள எண்ணெய் கறையாகிவிடும் என்பார்.

இரண்டாவது, எவர்சில்வர் தம்ளரும் விளக்குமாற்று ஈர்க்கும். அறுகோணம் வரைவதற்கு எமக்குப் பள்ளியில் கவராயம் வேண்டியிருந்தது. அன்னையாரோ தம்ளரைக் கவிழ்த்து வட்டம் வரைந்தார். தம்ளர் வாயின் நடு அகலத்திற்குச் சரியாக ஓர் ஈர்க்கை ஒடித்து, அதனை மீண்டும் இரண்டாக மடித்து முறித்தார். அப்பாதி ஈர்க்கை வட்டத்தின் விளிம்பில் ஒரு புள்ளியிலிருந்து அடுத்தடுத்து வைத்துச் சென்றார். ஆறாவது முறையில் அது புறப்பட்ட புள்ளிக்கே மீண்டது. ஆறு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்ததும் பிழையற்ற அறுகோணம் தோன்றிற்று. வட்டத்தின் ஆரமும் அதனுள் அமையும் அறுகோணத்தின் பக்கமும் ஒரே நீளமுடையன என்னும் கணித உண்மையை யாம் சூத்திரமாக மனனம் செய்தோம். அவர் ஈர்க்கால் அறிந்திருந்தார்.

மூன்றாவது காகிதம். அறுகோணக் காகிதம் ஒன்றின்மேல் துணியை வைத்து, ஓரங்களைப் பின்புறம் மடித்து, நூலோட்டி நிறுத்துவார். இவ்வாறமைத்த துண்டுகளை ஓரத்தோடு ஓரமாக நுண்ணிய தையலால் இணைப்பார். ஒரு துண்டின் ஆறு பக்கங்களும் பிறவற்றோடு சேர்ந்த பின்னரே உள்ளிருக்கும் காகிதத்தை உருவுவார். இங்கிலாந்தில் நெடுங்காலமாக வழங்கும் முறை இது. அங்கே பழைய கடிதங்களையும் கணக்கேடுகளையும் மாணவர் எழுத்துப் பயிற்சித் தாள்களையும் இதற்கென வெட்டினர். முற்றுப்பெறாது நின்ற பழம்போர்வைகளின் உள்ளே அத்தாள்கள் இன்றும் உள்ளன. அவற்றிற் காணும் எழுத்தைக்கொண்டு போர்வையின் காலத்தை ஆராய்ச்சியாளர் கணிக்கின்றனர். எம் அன்னையார் எடுத்துக்கொண்டவை பழைய நாட்காட்டித் தாள்களும் எம் பள்ளி நோட்டுக்களுமே.

பிறவற்றைச் சுருங்கக் கூறுவோம். வெட்டும்போது துணி நகராமல் இருக்க அம்மிக்குழவியை அதன்மேற் கிடத்தினார். நூலை மெழுகுவத்தித் துண்டின்மேல் ஒருமுறை இழுத்தார். மெழுகேறிய நூல் எளிதில் முறுக்குண்டு சிக்காது. சிரட்டை ஒன்றிற் சீப்பிற் கழிந்த கூந்தலைத் துணியிற் பொதிந்து அடைத்து, அதில் ஊசிகளைக் குத்தி வைத்தார். கூந்தலிற் படிந்த எண்ணெய் ஊசியைத் துருவேறாமற் காக்கும். தரையிற் சிந்திய ஊசிகளைப் பொறுக்கப் பழுதான ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம் உதவிற்று. தடித்த துணியிலிருந்து ஊசியை இழுக்க, அங்குஸ்தானுக்கு ஈடாக மிதிவண்டி டியூபில் வெட்டிய வளையம் ஒன்றை விரலில் அணிந்தார். மடிப்புக்களை அழுத்தப் பித்தளைச் செம்பில் தணலை இட்டுக் கந்தைத் துணியாற் பற்றித் தேய்த்தார். மூன்று அடுக்குக்களையும் விறைப்பாக நிறுத்தக் கயிற்றுக் கட்டிலின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அதன் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டினார். அக்கட்டில் எம் தந்தையார் உறங்குவது. அவர் அன்றிரவு முதல் தரையிற் பாய் விரித்துப் படுத்தார். அதனையும் யாம் புதுமை என்றே குறித்துக்கொண்டோம்.

துணி வெட்டும் கருவியே எம்மை மிகவும் கவர்ந்தது. மூங்கிற் சிம்பின் நுனியைப் பிளந்து, சவரம் செய்யும் பிளேட்டின் பாதியை அதிற் செருகி நூலாற் கட்டியிருந்தார். 1956-ஆம் ஆண்டில் யோஷியோ ஒக்காடா என்னும் ஜப்பானியர், உடைந்த கண்ணாடித் துண்டால் தோல் அறுக்கும் செருப்புத் தொழிலாளரையும், கட்டங்கட்டமாக முறித்து உண்ணும் சாக்கலேட்டையும் நினைந்து, மழுங்கிய முனையை முறித்தெறியத் தக்க கத்தியைப் படைத்தார் என்பர். அவர் வழிவந்த ஓல்ஃபா நிறுவனமே 1979-ல் போர்வை தைப்போர் இன்று உலகெங்கும் கையாளும் சக்கரக் கத்தியை வெளியிட்டது. இச்செய்தியை அன்னையாரிடம் கூறி, "அம்மா, அவர்களுக்கு நிகரான அறிவு உங்களுக்கும் இருக்கிறதே!" என்று வியந்தோம். அவர் நகைத்தார். அவருடைய இடக்கைச் சுட்டுவிரலிலும் பெருவிரலிலும் கந்தை சுற்றியிருந்தது. அதனை யாம் கண்டும் காணாதவராயிருந்தோம்.

இஃதிங்ஙனமாக, ஒருநாள் மாலை, மேற்புறம் இணைத்து முடிந்தது. கண் மங்குகிறது என்று கூறி, காகிதங்களை உருவித் தருமாறு அன்னையார் எம்மைப் பணித்தார். நூலோட்டத்தை அறுத்து ஒவ்வொன்றாக உருவினோம். நாட்காட்டியின் எண்கள் வந்தன. எம் பழைய இலக்கணப் பயிற்சிகள் வந்தன. பின்னர், நல்ல தடித்த தாளில் எம் கையெழுத்தே வந்தது. முதற்றுண்டில் 'விடுதிக் கட்' என்றிருந்தது. அடுத்ததில் நூல்கள் சிலவற்றின் பெயர்கள். முந்திய ஆண்டு கல்லூரியிற் சேரும் முன்னர் யாம் எழுதித் தந்தையாரிடம் கொடுத்த செலவுப் பட்டியல் அது என உணர்ந்தோம். மற்றொரு துண்டின் நடுவில், ஒரெழுத்தும் சிதையாமல், 'தையற்கூலி ரூ. 900' என்று நின்றது.

நேயர்காள்! அதன் பொருளை விளக்கவேண்டுமன்றோ? பிறந்தநாள் தொட்டு யாம் அணிந்த சட்டைகள் அனைத்தும் எம் அன்னையார் தைத்தவையே. கல்லூரிக்குச் செல்லுங்கால், நகரத்து மாணவர் நடுவே வீட்டுத் தையல் இழிவாகத் தோன்றும் என எம் பேதைமையால் எண்ணினோம். ஆகவே நகரத்துத் தையற்காரரிடம் புத்தாடை தைக்கக் கூலி வேண்டும் என்று, தையலையே தொழிலாகக் கொண்ட தாயிருக்கும் வீட்டில், எழுதிக் கொடுத்தோம். அன்று அவர் பட்டியலைப் படித்துவிட்டு, "அப்படியே ஆகட்டும், ஐயா" என்றதன்றி வேறொன்றும் கூறவில்லை.

அத்துண்டைக் கையிற் பற்றியவாறு நெடுநேரம் இருந்தோம். எம் தங்கை அருகில் வந்து அதனைப் பார்த்தாள். பின்னர் மெல்லிய குரலில், "அண்ணா, மிஷின் பழுது பார்க்கப் போகவில்லை" என்றாள். சென்ற ஆண்டு அந்தக் கட்டணத்திற்கு நாள் நெருங்கியபொழுது கைம்மாற்றாகப் பெற்ற கடனை அடைக்க, இவ்வாண்டு தை மாதத்திலே தையற்பொறியும், அதனோடு கத்தரிக்கோலும், இஸ்திரிப் பெட்டியும் ஒருங்கே விலையாகிவிட்டன. அப்பணத்துள் எம் தொள்ளாயிரம் ரூபாயும் அடக்கம். பிளேடும் மூங்கிற் சிம்பும், தணலிட்ட செம்பும் எவ்வாறு எம் வீட்டிற் கருவிகளாயின என்பது அப்பொழுதே விளங்கிற்று. குறிப்பேட்டை மூடினோம்.

அன்றிரவு அன்னையாரிடம் பிழை பொறுக்க வேண்டினோம். அவர் எம் தலையைத் தடவி, "இதற்கெல்லாமா அழுவது?" என்றார். எல்லாவற்றையும் விற்றுவிட்டு இத்துணைத் துன்பத்தோடு தைக்கவேண்டுமா என்று யாம் புலம்பியபோது அவர் கூறிய மறுமொழியை இங்கே அவ்வாறே தருகின்றோம்: "சோப்பு எனக்குத் துன்பம் இல்லை, ஐயா. சுண்ணக்கட்டி கைவசம் இருந்தபோதும் நான் சோப்பால்தான் கோடு போட்டேன். தம்ளரும் மெழுகும் அப்படித்தான். ஆச்சி சொல்லித் தந்தவை. பிளேடுதான் கையை அறுக்கிறது. செம்பும் சுடுகிறது. அப்பா தரையில் படுப்பது எனக்குப் பிடிக்கவில்லை."

அச்சொற்கள் யாம் எழுத எண்ணியிருந்த கட்டுரையைத் திருத்திவிட்டன. வீட்டுப் பொருள் கருவியாவது இருவகைத்து. தொழிலை நன்கறிந்தவர், கடைப்பொருளினும் இதுவே நன்று எனத் தேர்ந்து கொள்வது ஒருவகை. நல்ல கருவியை இழந்தவர், வேறு வழியின்மையாற் பொறுத்துக்கொள்வது மற்றொரு வகை. முன்னது திறமை, பின்னது வறுமை. இரண்டிலும் அறிவு தொழிற்படுகிறது என்பது மெய்யே. ஆயினும் இரண்டையும் ஒன்றாக எண்ணிச் சிக்கனம் என்றும் நுண்ணறிவு என்றும் புகழ்ந்துவிட்டு அகல்வது, அறுபட்ட விரலைக் காணாது ஒட்டுப் போர்வையை மட்டும் காண்பதாகும்.

பிற நாட்டு வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. வங்காளத்துப் பெண்டிர் பழஞ்சேலைகளை அடுக்கிக் காந்தா என்னும் போர்வை தைப்பர். அதற்குரிய வண்ண நூலை அச்சேலைகளின் கரையிலிருந்தே உருவிக்கொள்வது பண்டை வழக்கம். இது தேர்ச்சியின்பாற்படும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றோர் ஊர் உண்டு. அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். 1932-ஆம் ஆண்டில், அவர்களுக்குக் கடன் கொடுத்திருந்த வணிகர் இறந்தபின், அக்கடனுக்கு ஈடாக அவர்களுடைய உழவுக் கருவிகளையும் கால்நடைகளையும் உணவுப் பொருட்களையும் எடுத்துச் சென்றனர். அவ்வூர்ப் பெண்டிர் கிழிந்த வேலையுடைகளையும் கோணிகளையும் வெட்டி இணைத்துப் போர்வைகளாக்கிக் குளிரைத் தாங்கினர். 2002-ல் அப்போர்வைகள் ஹூஸ்டன் நகரத்து நுண்கலைக் காட்சிசாலையிற் சுவரில் தொங்கின. 2006-ல் அவற்றின் படங்கள் அந்நாட்டு அஞ்சல் தலைகளிலும் பொறிக்கப்பெற்றன. அவற்றின் அழகைப் புகழ்தல் முறையே. அவற்றைத் தைத்தவர் வீட்டிலிருந்து முன்னர் எவை எடுத்துச் செல்லப்பட்டன என்பதையும் உடன் நினைத்தல் அதனினும் முறையன்றோ?

விடுமுறை முடிந்து கல்லூரிக்கு மீண்ட யாம், மாலை வேளைகளிற் பள்ளிச் சிறுவர் இருவர்க்குத் தமிழ் கற்பிக்கலானோம். கிடைத்த சிறு ஊதியத்தைச் சேர்த்துக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் செல்லுங்கால் பத்தங்குலக் கத்தரிக்கோல் ஒன்றும் இஸ்திரிப் பெட்டி ஒன்றும் வாங்கிச் சென்றோம். அன்னையார் கத்தரிக்கோலைக் கையிலேந்தி எடை பார்த்தார். துண்டுத் துணி ஒன்றில் வெட்டிப் பார்த்தார். வாய் திறந்து ஒன்றும் கூறவில்லை. பின்னர்ச் சிரட்டையின் அருகிலிருந்த சோப்புத் துண்டை எடுத்துக் கோடிட்டு, அக்கோட்டின் வழியே கத்தரிக்கோலைச் செலுத்தினார். மூங்கிற் சிம்பு அன்றே அடுப்பிற் புகுந்தது. கட்டிலுக்குக் கயிறு முன்னரே மீண்டிருந்தது. தையற்பொறி இன்னும் மீளவில்லை. அதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம்.

இவ்வாண்டுக் கல்லூரி விழாவிற்கு யாம் அணிந்த சட்டை அன்னையார் புதுக் கத்தரிக்கோலால் வெட்டிக் கையாலேயே தைத்தது. நண்பர் ஒருவர் அதன் கழுத்துப் பட்டையை உற்று நோக்கி, "எந்தக் கடையில் தைத்தீர்?" என்று வினவினார். "எம் அன்னையார் தைத்தது" என விடையிறுத்தோம். அவ்விடையைச் சென்ற ஆண்டே கூறும் பேறு எமக்கு வாய்த்திருந்தது. அதனை யாமே இழந்தோம்.

'தையற்கூலி' என்னும் அந்த அறுகோணத் தாள் இதனை எழுதுங்கால் எம் மேசையின்மேல் உள்ளது. மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு இல்லம் செல்லும்பொழுது, அங்குள்ள பொருட்கள் எவ்வாறெல்லாம் பயன்படுகின்றன என்று கண்டு மகிழுங்கள்; அதில் கற்கத் தக்கன மிகவுள. அதனோடு, முன்னர் இருந்து இப்பொழுது இல்லாத பொருள் யாதேனும் உண்டோ என்றும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அது எங்குச் சென்றது என வினவுங்கள். முதலிற் கிடைக்கும் விடையோடு அமைந்துவிடாதீர்கள்.